சீமாட்டி கொடுத்த திறவுகோல்

ஆம், அந்தச் சீமாட்டியேதான், அன்பரே! தம் முப்பாட்டனார் பொற்சுரங்க அலுவலராய் வாழ்ந்த கோரமண்டல் குடியிருப்பைக் காண ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்து, அதனை அடுத்த ஆண்டர்சன்பேட்டைத் துணிக்கடையொன்றில் திறவுகோல் வழங்க நின்ற டீனா அம்மையாரைத்தான் சொல்கிறேன். அக்காலையின் அழகை என்னென்பேன்! பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் குவிந்த சாம்பற்குன்றுகள் இளவெயில் பட்டு வெள்ளித் தகடென மின்ன, ஆயுத பூசைத் திருநாளாதலின் கடைதோறும் வாழை நாட்டி, மாவிலை பின்னி, வண்டிச் சக்கரங்களுக்கும் பொட்டிட்டு, குங்குமம் நிறைத்த பூசணிகளை நடுவீதியில் உடைத்து, பொரியும் கடலையும் வாரி வழங்கிக் கடைத்தெரு முழுதும் மணவீடென ஆரவாரித்தது.

துணிக்கடைக்குரிய பாண்டுரங்கனார்க்கு ஆண்மகவு இல்லை. மகள் பவ்யா ஒருத்தியே. விரல் பட்ட மாத்திரத்தில் நூலின் தரம் உணர்பவள். வரும் பொங்கலுக்கு எந்நிறம் விலைபோகும் என்பதை மழை முகர்ந்த மயில்போல் முன்னறிபவள். ஆயினும், பூசைநாளில் திருமகள் திருமுன் வைத்தெடுத்த திறவுகோலைப் பெறுபவரே கடைக்கு அடுத்த உரியவர் என்பதும், கைமாறிய கோலைத் திரும்பப் பெறின் திருமகள் படியிறங்கிப் போய்விடுவாள் என்பதும் அக்குடும்பத்தின் வழிவழி நம்பிக்கை. அக்கோலைத் தம்பி மகன் நரேசுக்கே அளிப்பதென அவர் உறுதிபூண்டிருந்தார்.

"கடையில நிக்கிறது நானு, சாவி மட்டும் அண்ணனுக்கா?" என்றாள் பவ்யா.

"கட்டிக்கினு போற பொண்ணு கையில கடையக் குடுத்தா ஊரு சிரிக்கும்மா."

"சிரிச்சிக்கினே துணி வாங்கட்டும்பா, இன்னா இப்போ?"

"பெரியப்பா, எனக்குப் பட்டுக்கும் பாலியஸ்டருக்குமே வித்தியாசம் தெரியாது, என்னிய வுட்டுடுங்க" என்று நரேசும் கெஞ்சினான். பெரியவர் செவிசாய்த்தாரில்லை.

முந்தின நாள் பாண்டுரங்கனார் அளித்த விருந்தின்போது டீனா அம்மையார், தம் குடியில் ஆண்மக்கள் இல்லாமையால் சீமாட்டிப் பட்டமும் மலைக்கோட்டையும் தாயிடமிருந்து தமக்கு வந்த வரலாற்றைச் சொல்லி மகிழ்ந்திருந்தார். பட்டம் தாங்கிய கை நற்கை என்பதொன்றே அதனின்று பாண்டுரங்கனார் கொண்ட பொருள். ஆதலின், திறவுகோலை அம்மையாரே கடையின் வாரிசுக்குத் தருதல் வேண்டுமெனத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வேண்டினார்; வாரிசு யாரெனச் சொன்னாரில்லை. புதுவேட்டியுடன் ஆண்பிள்ளை ஒருவன் நிற்கையில் அதையும் சொல்ல வேண்டுமோ என்பது அவர் எண்ணம்!

தீபம் காட்டியதும், அம்மையார் இருகையாலும் கோலை ஏந்தி, நரேசைக் கடந்து, பொரி வழங்கிக்கொண்டிருந்த பவ்யாவின் கையில் வைத்தார். மேளம் முழங்கியது, அரிசியும் மலரும் பொழிந்தன.

"ஐயையோ மேடம், அவன்! அவன்!" என்று பதறினார் பாண்டுரங்கனார்.

"உங்கள் மகள் இவள்தானே?" என ஆங்கிலத்தில் வியந்து வினவினார் அம்மையார். ஆமென்பதன்றி அவர்க்கு விடையேது?

"குடுத்துடு கண்ணு" என்று அவர் மகளை நோக்கி முணுமுணுக்க, மனைவி சரஸ்வதி இடைமறித்தாள்: "இன்னாங்க பேசறீங்க? லட்சுமிய வெளிய போவச் சொல்றீங்களா?"

"அப்போ நான் பெங்களூரு ரயில புடிக்கலாமா?" என்றான் நரேசு.

பவ்யா சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துத் தந்தைமுன் நீட்டினாள்.

"வேணும்னா எடுத்துக்கோங்கப்பா. நானா குடுக்க மாட்டேன்."

நீண்டது அவர் கை. பின், மகளின் விரல்களை ஒவ்வொன்றாய் மடித்துக் கோலின்மேல் மூடிற்று.

"நல்ல நேரம் போவுது, கல்லாவத் தொறம்மா" என்றவர், அம்மையார் கட்டம்போட்ட துணியொன்றை விரும்பி எடுப்பது கண்டு குரல் உயர்த்தினார்: "மொத போணி! சீமாட்டின்னு கொறைச்சிக் குடுத்துடாத!"

மலைக்கோட்டையோ துணிக்கடையோ, பேணுவாரையே சேர்வது உரிமைக்கு அழகு. ஆயினும் ஓர் ஐயம் என்னை உறங்கவிடவில்லை, அன்பரே! அந்தக் கை கோலைப் பற்றாது மூடியது, படத்திலிருந்த திருமகளுக்கு அஞ்சியா, எதிரே நின்ற மகளுக்கு இரங்கியா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?