நாலு மணி ஆட்டம்

பென்ட்ரி பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி உருப்படியாக எதையும் ஜெயித்து வெகுகாலமாகிறது. ஆனாலும் அது தும்மினால் மற்ற அணிகளெல்லாம் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். அந்த ஃபுட்பாலுக்குத் தொலைக்காட்சிப் பணம் போதவில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அதற்காகப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு காலங்காலமாக ஆடிவந்த மலையோர லீக்கை உதறிவிட்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் கிழக்கத்திய லீக்கில் போய்ச் சேர்ந்தார்கள். ஃபுட்பால் மட்டும் போயிருந்தால் சனியன் தொலைந்தது என்று விட்டிருக்கலாம். நீச்சல், ஓட்டம், பெண்கள் வாலிபால் என்று அத்தனை அணிகளையும் வாலில் கட்டி இழுத்துக்கொண்டு போனது.

அந்த வாலிபால் அணியின் கோச் மார்னா ஹால்வர்சன். நெட்டையான பெண், மூக்குக்கு மேல் கோபம். லீக் மாறும் செய்தி அவளுக்கே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

பென்ட்ரியிலிருந்து எட்டு மைல் போய் மாநில எல்லையைத் தாண்டினால் லார்க்ஸ்பர் கல்லூரி. நடுவில் கோதுமை வயலைத் தவிர ஒன்றுமில்லை. வாலிபால் என்று வந்துவிட்டால் இரண்டும் கீரியும் பாம்பும். ஆட்டத்தில் தோற்ற கோச் மறுநாள் காலை ஜெயித்தவர்களின் உணவுக்கூடத்துக்குப் போய், ஏப்ரன் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கும் தன் கையால் பான்கேக் சுட்டுப்போட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். ஆட்டத்தில் தன்னை அதிகம் படுத்தி எடுத்த எதிரணிப் பெண்ணுக்குத்தான் முதல் பான்கேக். அதற்கென்றே ஒரு வார்ப்பிரும்புக் கல் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். கடைசியாகத் தோற்றவள் வீட்டில்தான் அது கிடக்கும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்து எதிராளி தலையில் கட்டினால்தான் விமோசனம்.

பழைய லீக்கின் கடைசி ஆட்டத்தில் பென்ட்ரி ஜெயித்தது. கல் லார்க்ஸ்பர் கோச் பெவ் ஸ்டூபனிடம் போனது. லீக் மாறுகிறது என்று தெரிந்ததும் பெவ் போன் செய்தாள்.

"ஏன்டி, நீங்க பாட்டுக்குக் கெளம்பிட்டீங்க. இந்தக் கல்லை நான் யார் தலையில கட்டறது? செத்தப்புறம் சமாதி மேல வச்சுக்கவா?"

மார்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வருத்தமும்.

அவளுக்கு உண்மையான கவலை வேறு. அவள் அணியின் உயிர்நாடி கோரா டெக்கர் என்ற பெண். ஊருக்கு வெளியே பால்பண்ணை வைத்திருக்கும் ஆர்லன் டெக்கரின் ஒரே மகள், தாயில்லாதவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரிய பெரிய கல்லூரிகள் அவளைக் கொத்திக்கொண்டு போக வட்டமிட்டன. மார்னா நேராக மாட்டுக்கொட்டகைக்கே போய், சாணியில் ஷூ புதைய நின்று, ஆர்லனுக்கு வாக்குக் கொடுத்தாள். உங்கள் பெண் எங்களிடம் ஆடினால் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட நீங்கள் தவறவிட வேண்டாம், எல்லாமே ராத்திரி ஏழு மணிக்குத்தான், பால் கறந்து முடித்துக் குளித்துவிட்டு வரலாம் என்றாள். கோரா பென்ட்ரிக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஆர்லனும் சொன்னபடி வந்தார். குளிப்பதை மட்டும் பல நாள் விட்டுவிடுவார். அவர் உட்காரும் பெஞ்சில் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். கோரா சர்வீஸ் போட வரும்போது அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பார். அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தூக்கிப்போடுவாள். அப்பனும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

புது லீக்கின் அட்டவணை வந்தது. உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையும் சாயங்காலம் நாலு மணிக்கு. இங்கே நாலு என்றால் கிழக்கே ஏழு, அங்கே வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவர்களுக்குத் தோதான நேரம். நாலு மணிதான் ஆர்லன் பால் கறக்கும் நேரமும். கறக்க ஆள் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. கறவையைத் தள்ளிப்போட்டும் பார்த்தார். மாடுகளுக்கு மடி கட்டிக்கொண்டது, இரண்டுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மாட்டுக்கு டெலிவிஷன் புரியலை கோச் என்று போனில் சொல்லிவிட்டு, மன்னிப்பு வேறு கேட்டார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் மார்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று விளையாட்டுத் துறைத் தலைவர் ட்ரெண்ட் காலோவேயின் அறைக்குப் போனாள். ட்ரெண்ட் எப்போதும் சிரித்த முகம். வீடு தீப்பிடித்தாலும் அதில் நல்லது என்ன இருக்கிறது என்று தேடுகிற ஆசாமி.

"ஒரே ஒரு ஆட்டத்தையாவது ஏழு மணிக்கு வைங்க ட்ரெண்ட்."

"இங்க ஏழுன்னா அங்க ராத்திரி பத்து. யாரு பாப்பாங்க?"

"இங்க இருக்கறவங்க பாப்பாங்க. ஆடற ஜிம் இங்கதானே இருக்கு?"

ஒப்பந்தம் அப்படி, தன் கையில் ஒன்றுமில்லை என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மார்னா விடவில்லை. லீக்குக்கு வெளியே லார்க்ஸ்பருடன் ஒரு ஆட்டம் போடலாமே, அதற்கு நேரம் நாமே குறிக்கலாமே என்றாள். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. லார்க்ஸ்பர் இப்போது தரவரிசையில் எங்கேயோ பாதாளத்தில் கிடக்கிறது, அவர்களை ஜெயித்தாலும்கூடப் பட்டியலில் பென்ட்ரிக்கு இறக்கம்தான் என்றார்.

"எட்டு மைல்ல இருக்கறவங்களோட ஆடினா எறக்கமா? பொண்ணுங்க மூணு பிளேன் மாறி, தூங்கி வழிஞ்சு, அங்க போய்த் தோத்துட்டு வந்தா ஏத்தமா?"

"நீங்க இன்னும் பழைய காலத்துலயே நிக்கறீங்க, மார்னா" என்றார் ட்ரெண்ட், சிரித்த முகம் மாறாமல்.

அந்த வருட ஆட்டங்களைப் பார்த்தவர்கள் பாவம். நாலு மணிக்கு மாணவர்கள் வகுப்பில் இருந்தார்கள், ஊர்க்காரர்கள் வேலையில் இருந்தார்கள். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் காமிரா மட்டும் உட்கார்ந்திருந்தது. கோரா சர்வீஸ் போடப் போவாள், கண் தன்னால் அந்த பெஞ்சுக்குப் போகும், பந்து வலையில் போய் விழும். ஆர்லன் கொட்டகையில் போனை ஒரு வாளிமேல் சாய்த்துவைத்து ஆட்டத்தைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டாள் மார்னா. கொடுத்த வாக்கு அவளுக்குள் முள்ளாக நின்றது. தான் மீறவில்லை, தன்னைக் கேட்காமலே எவனோ மீறிவிட்டான் என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் அந்த முள் நகரவில்லை.

சீசன் முடிந்ததும் கோராவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் காலம் அது. தன் அணியிலிருந்து யாரும் போய்விடக்கூடாதே என்று கோச்சுகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற காலமும் அதுதான்.

"லார்க்ஸ்பர்ல இன்னும் ஏழு மணிக்குத்தான் ஆட்டம்" என்றாள் மார்னா.

கோரா நிமிர்ந்து பார்த்தாள். "என்னைத் தொரத்தறீங்களா கோச்?"

"ஆமா."

"நான் அவ்வளவு மோசமாவா ஆடினேன்?"

"உன் கடைசி வருஷ ஆட்டத்தையாவது உங்கப்பா பாக்கணும். அவருக்கு வாக்குக் குடுத்தது நான். இங்க என்னால முடியலை. போ."

கோரா எழுந்து வாசல்வரைக்கும் போனாள், திரும்பி வந்து மார்னாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். மார்னா அழவில்லை. மேஜைமேல் இருந்த கிழக்கத்திய லீக் காலண்டரை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கோரா பெயர் கொடுத்த பிறகு பெவ்வைப் போனில் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் முழங்கால் பத்திரம், அவளிடம் கத்தினால் ஆட்டம் வராது, தட்டிக்கொடுத்தால் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ட்ரெண்டுக்கு விஷயம் தெரிந்தபோது அந்தச் சிரித்த முகம் முதல்தடவையாகக் காணாமல் போனது. உங்கள் கையாலேயே உங்கள் அணியின் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்று குதித்தார். அதில் பொய் ஒன்றுமில்லை. கோரா இல்லாத பென்ட்ரி அடுத்த சீசனில் மறுகோடிக்குப் பறந்து பறந்து உதைவாங்கியது.

அக்டோபரில் ஒருநாள் பென்ட்ரிக்கு ஆட்டம் இல்லை. மார்னா காரை எடுத்துக்கொண்டு லார்க்ஸ்பரின் ஏழு மணி ஆட்டத்துக்குப் போனாள். மேல்வரிசையில், தூணுக்குப் பின்னால், தெரிந்தவர் கண்ணில் படாமல் உட்கார்ந்தாள். கீழே ஆர்லன் இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலி. லார்க்ஸ்பரின் சிவப்புச் சட்டையில் கோரா சர்வீஸ் போட வந்தாள். ஆர்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பந்து எதிர்க் களத்தின் மூலையில் போய் இறங்கியது. மார்னாவின் கை தன்னால் தட்டப்போனது. அந்தக் கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் எட்டு மைல் தள்ளி நடக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் காலை லார்க்ஸ்பர் உணவுக்கூடத்துக்குள் ஏப்ரனோடு நுழைந்தாள்.

"பெவ், அந்தக் கல்லை எடு."

பெவ் காப்பிக் கோப்பையோடு விழித்தாள். "என்னடி இது? நமக்குள்ள ஆட்டமே நடக்கலையே."

"நடந்துச்சு. நான் தோத்துட்டேன்."

பெவ் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தாள். மார்னாவின் முகத்தைப் பார்த்ததும், துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கல்லை எடுத்துவரப் போனாள்.

விஷயம் புரிந்த பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முதல் பான்கேக் ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மார்னா அதன்மேல் தாராளமாக மேப்பிள் பாகை ஊற்றினாள், பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் கோராவைப் பார்த்து நீட்டினாள். கோரா தட்டில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நேத்து அப்பா வந்திருந்தாரு கோச்."

"தெரியும். குளிக்காமதான் வந்தாரு."

கோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்னால் வரிசை நிற்கிறது, நகர் என்று மார்னா கரண்டியால் கல்லைத் தட்டினாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் கல்லைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மார்னாவின் காரில் ஏற்றினார்கள். இதை நீ கொண்டுபோக வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும் என்று பெவ் சொல்லிப் பார்த்தாள். தோற்றவள் வீட்டில்தான் கல் இருக்க வேண்டும் என்றாள் மார்னா. வீட்டு வாசலில் வந்து கார் கதவைத் திறந்த பிறகுதான், அதை இறக்க இன்னொரு ஆள் வேண்டுமே என்று அவளுக்கு நினைவு வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நாலு மணி ஆட்டத்துக்குப் பெண்களைத் தயார் செய்யக் கிளம்பினாள்.