இடைவேளைத் தேசிக்காய்

ஆறாயிரம் பேர். ஒருவரைக்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1974ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு, எங்கள் வாகீசர் கல்லூரி மைதானத்தில், அமிர்தானந்தாக் கல்லூரியோடு நாங்கள் மோதிய உதைபந்தாட்டத்தைப் பார்க்க வந்த சனம் அது. ஏறியிருந்தவர்களின் பாரத்தில் மேற்குப் பக்கத்து மதில் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியது.

"அறுநூறு," என்பான் சிவானந்தன். "அதிலையும் நூறு ஆடு."

சிவானந்தனும் நானும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். இரண்டு பேரும் பந்தைக் காலால் தொட்டவர்கள் அல்ல. கத்துவதற்கென்றே கல்லூரிக்குப் போனவர்கள். பிறகு லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தோம். நான் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினேன். ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் சந்திரனுக்கு மூன்று தடவை போய், இரண்டு தடவை திரும்பியிருக்கலாம். சிவானந்தன் தபாலகத்தில் கடிதம் தரம் பிரித்தான். முப்பத்தேழு வருடமாக, ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் அந்த இரண்டாம் சனிக்கிழமை, சரியாக நான்கு மணிக்கு, என் சமையலறை மேசையில் அந்த ஆட்டத்தை மறுபடி நடத்தினோம்.

நடத்துவது என்றால், நான் சொல்வேன், அவன் கேட்பான். உப்புப் போத்தலும் மிளகுத்தூள் போத்தலும் ஒரு பக்கத்துக் கோல். இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள் மறு பக்கத்துக் கோல். முப்பத்தைந்து நிமிடம், இடைவேளை, இன்னொரு முப்பத்தைந்து நிமிடம். நடுவில் ஒரு தேசிக்காய், எலுமிச்சைதான், இருக்கும். அந்தக் காலத்தில் இடைவேளைக்கு ஆட்டக்காரருக்குத் தேசிக்காயைப் பாதியாக வெட்டிச் சப்பக் கொடுப்பார்கள். எங்கள் மேசையில் சட்டம் வேறு. நான் புளுகியதை அவன் பிடித்து, "பொய்" என்று சொன்னால், நான் தேசிக்காயை ஒரு கடி கடிக்க வேண்டும், தோலோடு. கடித்ததும் என் முகம் போகிற கோலத்தைப் பார்த்து அவன் மேசையில் அடித்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக நான் வருடம் முழுவதும் புதுப் பொய் யோசித்து வைத்திருப்பேன். எங்கள் மூன்றாவது கோல் குறுக்குச் சட்டத்தில் ஏறி, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் அங்கேயே குந்தியிருந்துவிட்டுத்தான் உள்ளே விழுந்தது என்பது 2003ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. அதற்கு மட்டும் மூன்று கடி.

ஒரேயோர் இடத்தில் அவன் "பொய்" என்று சொன்னதே இல்லை. அது கடைசி விசிலுக்குப் பிறகு புறப்பட்ட ஊர்வலம். நான் தகரம் அடிக்க, சிவானந்தன் எனக்குப் பக்கத்தில் போட்டிருந்த சேட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு சந்தி வரைக்கும் ஆடியதைச் சொல்லும்போது, அவன் கோப்பைக்குள் பார்த்தபடி இருப்பான். ஆட்டத்திலேயே புளுகு கலக்காத பகுதி அதுதான் என்று நானும் அதில் கைவைக்கவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் சிவானந்தன் போய்விட்டான். மாரடைப்பு. சவச்சாலையில், எங்கள் ஆளின் பெட்டிக்குப் பக்கத்தில், கழுத்தில் அமிர்தானந்தாவின் ஊதா நிற ரை கட்டிய நெடிய மனிதர் ஒருவர் நின்றார். வேறு நாளென்றால் அந்த ரைக்காகவே நாலு கதை கேட்டிருப்பேன். அவராகவே வந்து கையைப் பிடித்தார்.

"பாலசுப்பிரமணியன். மோர்டனிலை இருக்கிறன். அந்த மட்ச் நானும் பார்த்தனான்," என்றார். ஒரு துண்டில் ரெலிபோன் நம்பரை எழுதித் தந்தார். சிவானந்தனை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. லண்டனில் நம் சனம் செத்தவீட்டுக்குப் போக, செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

மே மாதத்தில் ஈஸ்ட்ஹாமில் ஒரு மண்டபத்தில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனம். அந்த ஆட்டத்தைப் பார்த்த வாகீசர்காரரில் லண்டனில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான் என்று மேடையில் ஏற்றினார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினேன். பதினாயிரம் பேர் என்றேன். மூன்றாவது கோலில் பந்து வெடித்தது என்றேன். மத்தியஸ்தர் விசிலை விழுங்கிவிட்டார், பிறகு ஒரு கிழமை அவர் இருமும்போதெல்லாம் யாரோ ஆட்டத்தை நிறுத்தினார்கள் என்றேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தேன். பின்வரிசையிலிருந்து அந்த ஒரு சொல் வரவேண்டும். நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். இங்கே பிறந்த பிள்ளையொன்று போனில் படம் பிடித்துவிட்டு, "லெஜண்ட், அங்கிள்," என்றது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தோடு கட்டிலில் இருந்தேன். ஜெயகௌரி, என் மனுசி, போய் ஆறு வருடம். மகன் நிஷாந்தன் ஞாயிறு தோறும் ஆறு மணிக்குப் போன் எடுத்து, "சாப்பிட்டியளோ? குளிசை போட்டியளோ?" என்று இரண்டு கேள்வி கேட்பான். ஒருநாள், மத்தியானம் முழு ஆடொன்றைச் சாப்பிட்டேன், கொம்போடு, என்று சொல்லிப் பார்த்தேன். "ஓகே அப்பா," என்றான். நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் நம்புகிற வயதுக்கு வந்துவிட்டேன். அல்லது எவரும் கேட்காத வயதுக்கு.

ஜூன் வந்தது. அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன்.

"மோர்டன் பாலசுப்பிரமணியனோ? நான் பிளேஸ்டோ ஞானேஸ்வரன். வாகீசர்."

"ஓம், சொல்லுங்கோ."

"வாற சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு மட்ச் இருக்கு."

"ஆர் ஆர் விளையாடுகினம்?"

"நீங்களும் நாங்களும்."

"ஸ்கோர் எனக்குத் தெரியும்," என்றார். "எண்டாலும் வாங்கோ."

ஒரு தேசிக்காயைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பேங்க் நிலையத்தில் ரயில் மாறி, மோர்டனில் பாதை முடிகிறவரை இருந்தேன். அவர் மகள் மேனுஷாதான் கதவைத் திறந்தாள். பல் வைத்தியராக இருக்கிறாளாம். சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பும் மிளகும் வைத்து, கோப்பைகளை நட்டு, நடுவில் தேசிக்காயை வைத்து, பாலசுப்பிரமணியனுக்குச் சட்டத்தை விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். நான்கு அடித்தது. தொடங்கினேன்.

"சனம் ஆறாயிரம்."

"ஓம், இருக்கும்."

எதிரிக் கல்லூரி ஆள் என்று பார்த்தால் இப்படிச் சொல்கிறாரே என்று யோசித்தேன். "எட்டாயிரம் எண்டும் சொல்லுவினம்."

"சொல்லுவினம்தான்."

"உங்கடை முதலாவது கோல் ஓஃப்சைட்."

"ஓம், ஓஃப்சைட்."

"ரெண்டாவது கோலை அடிச்சது உங்கடை ஆள் இல்லை. காத்து."

"அண்டைக்கு நல்ல காத்துத்தான்," என்றார் பாலசுப்பிரமணியன்.

இரண்டுக்குப் பூச்சியம் என்று நாங்கள் பின்னால் நிற்க, இடைவேளை வந்தது. தேசிக்காய் ஒரு கடியும் படாமல் கிடந்தது. அவர் தேத்தண்ணிக்குப் பால் எடுக்கக் குசினிக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. மேனுஷாவின் குரல் கேட்டது.

"அப்பா, ஜஸ்ட் சே ஓம், என்ன? அங்கிள் பாவம். ஃப்ரெண்ட் செத்து நாலு மாசம்தான். ஆர்க்யூ பண்ணாதேங்கோ."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."

எழுந்து கோட்டை மாட்டியிருப்பேன். ஆனால் இரண்டு கோல் பின்னால் நிற்கும்போது மைதானத்தை விட்டுப் போகிற பழக்கம் வாகீசருக்கு இல்லை. அவர் பாலோடு வந்து இருந்தார். இரண்டாம் பாதியைத் தொடங்கினேன். வேண்டுமென்றே அள்ளி விட்டேன். எங்கள் முதலாவது கோலை இடது காலுக்குச் சப்பாத்து இல்லாதவன் அடித்தான் என்றேன். ஓம் என்றார். இரண்டாவதை அடித்தவனுக்கு அன்று நூற்றைந்து காய்ச்சல், பந்து பட்ட இடத்தில் புல்லுக் கருகியது என்றேன். அதற்கும் ஓம். மூன்றாவது கோல் கடைசி நிமிடம், கோணர் கிக். பந்தைக் குறுக்குச் சட்டத்தில் ஏற்றி உட்கார வைத்தேன். அது அங்கே இருந்து இரண்டு கல்லூரிக் கீதத்தையும் கேட்டுவிட்டு உள்ளே விழுந்தது. மூன்றுக்கு இரண்டு.

"ஓம். விழுந்தது," என்றார் அவர், மெல்லிய குரலில். தேசிக்காயைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இனிப் புளுக ஒன்றும் இல்லை. புளுகில்லாத பகுதியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். "பிறகு ஊர்வலம். நான் தகரம் அடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போறன். சிவானந்தன் எனக்குப் பக்கத்திலை, சேட்டைக் கழட்டிச் சுழட்டிக்கொண்டு, சந்தி மட்டும் ஆடி..."

"பொய்," என்றார் பாலசுப்பிரமணியன்.

குசினியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"எது பொய்?"

"சிவானந்தன் ஊர்வலத்திலை இல்லை."

"ஐம்பத்தொரு வரியமாச் சொல்லுறன், ஐசே. அவனே இருந்து கேட்டவன்."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இடைவேளைக்கு எங்கடை சைக்கிளுகளுக்குக் காத்தைத் திறந்து விட்டது ஆர்?"

இதை நான் மேடையில்கூடச் சொன்னதில்லை. தோற்கப் போகிறோம் என்ற கொதியில், நான் தனியாகப் பின்பக்கம் போய்ச் செய்த வேலை அது. "நான்தான்," என்றேன். "நானூறு சைக்கிள்."

"பதினேழு. மட்ச் முடிஞ்சு, உங்கடை சனம் கூவிக்கொண்டு போக, நாங்கள் எட்டு மைல் உருட்டிக்கொண்டு போற யோசனையிலை நிண்டம். அப்ப ஒரு பொடியன் பம்போடை வந்தான். ஒரு கதை இல்லை. குந்தியிருந்து ஒவ்வொண்டாக் காத்தடிச்சான். முப்பத்திநாலு ரயர். சேட்டை ஆர் சுழட்டினது? அது வியர்வையிலை முதுகோடை ஒட்டிக் கிடந்தது. சந்தியிலை உங்கடை தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிச் சைக்கிள் என்ரை. 'ஆர் இந்த வேலை பார்த்தது?' எண்டு கேட்டன். 'நான்தான்' எண்டான்."

நான் பின்பக்கம் போனதை அவன் கண்டிருக்கிறான்.

"நான் அதை நம்பேல்லை. காத்துப் போக்கினவன் பம்ப் கொண்டு வரமாட்டான். பிறகு எண்பத்தெட்டிலை, குரோய்டனிலை, விசாக் கியூவிலை சிவானந்தன் எனக்கு முன்னாலை நிண்டார். முகம் மறக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வரியப்பிறப்புக்கும் போன் எடுப்பார். உங்களைப் பற்றித்தான் கதை. நீங்கள் அந்த மட்ச்சைச் சொல்லுற விதத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 'ஊர்வலத்தை மட்டும் ஞானேஸ்வரனிட்டை இருந்து பறிச்சுப்போடாதையும்' எண்டு என்னட்டைச் சொன்னவர்."

"அப்ப ஏன் இப்ப பறிக்கிறியள்?"

பாலசுப்பிரமணியன் ஊதா ரை கட்டாத கழுத்தைத் தடவினார். "ஆறாயிரம் சனம் எண்டு சொல்லுங்கோ, பந்து சட்டத்திலை படுத்து நித்திரை கொண்டது எண்டு சொல்லுங்கோ, எனக்கென்ன. ஆனா அந்த மனிசன் அண்டைக்கு ஆடேல்லை. காத்தடிச்சவர். அதை அழிக்க ஏலாது."

"எனக்குத் தெரியாது, ஐசே. உண்மையாத் தெரியாது."

"தெரியாமச் சொன்னாலும் சட்டம் சட்டம்தானே," என்று தேசிக்காயை என் பக்கம் உருட்டினார்.

கடித்தேன். தோலோடு, விதையோடு. லண்டனில் விற்கிற தேசிக்காய்க்குப் புளிப்பில்லை என்று சொல்கிற ஆட்கள் இந்தக் காயைக் கடித்திருக்க வேண்டும். இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிவானந்தன் மாதிரி எவரும் மேசையில் அடிக்கப் போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு அவர் கை நீட்டித் தேசிக்காயை வாங்கினார்.

"நானும் கடிக்கவேணும். பின்னேரம் முழுக்கப் பொய் சொன்னனான்."

"எத்தினை?"

"எங்கடை முதல் கோல் ஓஃப்சைட் இல்லை. அது ஒண்டு. காத்து அடிச்ச கோல், அது ரெண்டு. சட்டத்திலை இருந்த பந்து, அது மூண்டு," என்று எண்ணிக்கொண்டே மூன்று கடி கடித்தார். மேனுஷா கதவடியில் வந்து நின்று, முகம் கோணிப் போயிருந்த இரண்டு கிழவர்களைப் பார்த்தாள்.

"அப்பா, உங்கடை எனாமல்," என்றாள்.

ஆறு மணிக்குப் புறப்பட்டேன். வாசலில் அவர், "அடுத்த வரியமும் வாங்கோ. சனத்தை எண்ணிக்கொண்டு வாங்கோ," என்றார். வருவேன் என்றேன்.

மோர்டனில் ரயில் வெறுமையாகத்தான் புறப்படும். பெட்டியில் நான் ஒருவன். வாய்க்குள்ளே ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ரூட்டிங்கில் ஆட்கள் ஏறினார்கள். ஸ்டொக்வெல்லுக்கு முன்னால் மூன்றாவது கோல் விழுந்தது. விசில். தகரத்தை எடுத்து அடித்துக்கொண்டு புறப்பட்டேன். பக்கத்தில் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நான் தனியாகத்தான் ஆடியிருக்கிறேன், சந்தி வரைக்கும், பல்லைக் காட்டிக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் மைதானத்தின் பின்பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்து மேலும் கீழும் கையை அசைக்கிறான். தகரத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்தப் பம்பைக் கொஞ்சம் பிடிக்கலாம்தான். ஆறாயிரம் பேர் பின்னால் நின்று தள்ளினால் ஒரு மனிதன் எப்படித் திரும்பிப் போவது?

சரி, அறுநூறு. அதிலும் நூறு ஆடு.