ஜெயகுமாரிக்கு ஒரு வக்கீல்

திருப்பதி லாட்ஜ் ஒன்றின் மொட்டைமாடியில் ஜெயகுமாரியும் சுலோச்சனாவும் ஈரப் போர்வைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த சம்மன் நனையக் கூடாதென்று ஜெயகுமாரி ஒருக்களித்தே நின்றாள். மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத கணவன் ஸ்டான்லி, சித்தூர் கோர்ட்டில் விவாகரத்துக் கேட்டிருந்தான். மகள் ஜெமிமாவும் தனக்கே வேண்டுமாம்.

"வக்கீல் ஃபீஸுக்கு நான் எங்கக்கா போவேன்?"

"எதுக்குப் போற? பொம்பளைங்களுக்கு கோர்ட்டுலயே ஓசில வக்கீல் வெச்சிக் குடுக்கறாங்க. எங்க நாத்தனாருக்குக் குடுத்தாங்களே."

"ஓசி வக்கீலு வாயத் தொறப்பாரா?"

"அந்த வக்கீலம்மா பேசி முடிக்கறதுக்குள்ள ஜட்ஜே தண்ணி வாங்கிக் குடிச்சாரு. கெளம்பு, நானும் வர்றேன்."

இருவரும் லீவு போட்டுவிட்டு சித்தூர் பஸ் ஏறினார்கள். சட்ட உதவி அறையில் இருந்த வக்கீல் ஸ்ரீதேவி, தெலுங்கில் இருந்த சம்மனை ஒருமுறை படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அவர் கேக்கறது இதுல இருக்கு. உனக்கு ஏமி காவாலம்மா, என்ன வேணும்?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. ஜெயகுமாரி சுலோச்சனாவைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்கற? மேடம் உன்னத்தான் கேக்கறாங்க."

"எனக்கும் விவாகரத்துதான் மேடம் வேணும். அவன் முந்திக்கினான். ஆனா பொண்ணக் குடுக்க மாட்டேன். அவ படிப்புச் செலவ அவன் பாக்கட்டும்."

ஸ்ரீதேவி வாய்விட்டுச் சிரித்தாள். "இவ்ளோ கிளியரா யாரும் சொன்னதில்ல."

இரண்டு வாய்தாவுக்குப் பிறகு சமரச அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையில் வந்திருந்தான் ஸ்டான்லி. பக்கத்தில் அவனுடைய வக்கீல்.

"பாப்பா எந்த கிளாஸ், ஸ்டான்லி காரு?" என்றாள் ஸ்ரீதேவி.

"மூணாவது."

"ஆறாவது," என்றாள் ஜெயகுமாரி.

அவனுடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அதன்பின் பேச்சு சீக்கிரம் முடிந்தது. இருவர் சம்மதத்தோடு விவாகரத்து. ஜெமிமா அம்மாவிடம். படிப்புச் செலவு அப்பாவுடையது.

தீர்ப்பு வந்த அன்று சுலோச்சனா கடைக்கு ஓடி மைசூர்பாகு டப்பா ஒன்று வாங்கி வந்தாள். "மேடம் வாய்ல நான்தான் போடுவேன்," என்று முன்னால் நடந்தாள்.

சட்ட உதவி அறைக்கு வெளியே இருந்த ஒரே பெஞ்சு நிரம்பி, வரிசை படிக்கட்டு வரை இறங்கியிருந்தது. இடுப்பில் குழந்தையோடு சிலர். ஒரு சின்னப் பெண் தன் சம்மனைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். உள்ளே ஒரே மேஜை. அதன் பின்னால் ஸ்ரீதேவி மட்டும்.

"துன்னும்மா," என்று ஜெயகுமாரி முதல் துண்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "பயப்படாத, நல்லா பேசுவாங்க." அடுத்தவளும் கை நீட்டினாள். ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருவரும் படியேறினார்கள்.

கதவை எட்டும் முன்பே டப்பா காலியாகிவிட்டது.