ஞாயிற்றுக்கிழமைப் படம்

இவளுக்கு எப்படிச் சொல்வது? வேறு எந்தக் கிழமை வேண்டுமானாலும் வா. பானையைத் திறந்து பார், சுவரை அள, எங்கே குளிக்கிறேன் என்றுகூடக் கேள். ஞாயிறு சாயங்காலத்தை மட்டும் எனக்கு விட்டுவிடு.

பேராச்சி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரே வசுமதி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாட்டுங்காவில் வசதியாக இருக்கிறவள். தாராவி டிரான்சிட் கேம்ப்பில் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவள்.

பேராச்சி குடும்பம் இருந்தது, பழைய வீட்டை இடித்துவிட்டு, புது வீடு கட்டும்வரை ஆறு மாதத்துக்கு என்று சர்க்கார் கொடுத்த தகர அறை. வருஷங்கள் ஓடிவிட்டன. மாமியார் முப்பிடாதியம்மாள், இரண்டு நாத்தனார்கள், பேராச்சி எல்லாருக்கும் அது ஒன்றுதான். புருஷன் நம்பிராஜன் அம்பர்நாத் ஃபாக்டரியிலேயே தங்கி, ஞாயிறு மட்டும் வருவான்.

கேம்ப்பில் யாரும் பேசி வைக்காத ஏற்பாடு ஒன்று உண்டு. ஞாயிறு சாயங்காலம் டிவியில் இந்திப் படம் தொடங்கும்போது அடுத்த அறை ஹபீபா வாசலில் நின்று மாமியார்களையும் நாத்தனார்களையும் பிள்ளைகளையும் தன் அறைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். புருஷன் வந்திருக்கிறவளை மட்டும் கூப்பிடமாட்டாள். இந்தியில் ஒரு வார்த்தை புரியாத முப்பிடாதியம்மாளும் படம் முடிகிறவரை எழுந்திருக்கமாட்டாள்.

வசுமதி இதைக் கேம்ப்பின் ஒற்றுமை என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன். அன்னிக்குத்தான் எல்லாரும் படம் பாக்கப் போயிடறாளே. ரூம் காலியா இருக்கும். நிம்மதியா அளந்து ரூமைப் படமா வரைஞ்சுடலாம். நீ மட்டும் கூட இருந்தாப் போறும்."

போன ஞாயிறு நம்பிராஜனுக்கு ஓவர்டைம். அதற்கு முந்தின ஞாயிறு தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. பேராச்சி திங்கட்கிழமை வரச் சொல்லிப் பார்த்தாள். மற்ற நாட்களில் டேப்பை விரிக்கவே இடமில்லை என்றாள் வசுமதி. மாமியார் குனிந்த தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கினாள். எல்லாருக்கும் தெரியும், ஒருத்திக்கும் வாய் வராது.

வாசலில் நின்ற ஹபீபா சிரிப்பை அடக்கினாள். "டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம நீங்களும் எங்க வீட்டுக்குப் படம் பாக்க வாங்களேன்."

"எனக்கு சினிமாவெல்லாம் இஷ்டமில்லே," என்ற வசுமதி பேராச்சி பக்கம் திரும்பினாள். "இங்கே இடம் போறலைன்னு சர்க்காருக்குக் காட்டத்தானே கேக்கறேன்? உங்க நல்லதுக்குத்தான்."

இடம் போதாது என்று காட்ட, இருக்கிற கொஞ்சத்தையும் கேட்கிறாளே.

பேராச்சி அவள் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம தோதுப்படாதுக்கா."

"ஏன், அன்னிக்கு என்ன வேலை?"

பேராச்சி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அலசினாள்.

"தோதுப்படாது," என்றாள் மறுபடியும், அதே குரலில்.