தம்பி கடிதத்தில் நாலு வரி

சபைச் செயலாளர் என் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். என் தம்பி போர்முனையிலிருந்து தன் மகளுக்கு எழுதியது. அது வீடு வந்து சேர்ந்தபோது அவனைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைக்கு விவரம் தெரிந்த பிறகு கொடுக்கலாம் என்று அவள் அம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். அதைத்தான் இந்த மனிதர் நைசாகப் பேசி வாங்கி வந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனையில் வீரர்கள் நினைவு மலர் வெளியீடாம். அச்சு வேலை நான் இருக்கும் அச்சகத்துக்கு. கடிதத்தைச் சபைமுன் வாசிப்பது பத்து வயது மகள்.

நாலு வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

“இது எதுக்கு ஐயா வெட்டு?” என்றேன்.

“பயமா இருக்குன்னு எழுதியிருக்கான் பாரும்மா. ஒரு வீரன் எழுதற எழுத்தா இது? பிள்ளைங்களுக்கு விசுவாசம் வரணும், நாட்டுப்பற்று வரணும். ‘சந்தோஷமா உயிரைக் கொடுக்கிறேன்’னு நானே ஒரு வரி சேர்த்திருக்கேன்.”

அடேயப்பா! செத்தவன் எழுத்தைத் திருத்துகிற வாத்தியார்! இவர் மகனுக்குப் படையிலிருந்து அழைப்பு வந்தபோது, தட்டைப்பாதம் என்று டாக்டர் சீட்டு வாங்கி நீட்டியவர். அந்தத் தட்டைப்பாதம் இன்றைக்கும் சபை மைதானத்தில் கோல் மேல் கோல் போடுகிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

“கெத்செமனே தோட்டத்துல ஆண்டவருக்கே வேர்வை ரத்தமாக் கொட்டுச்சே. அதையும் சிவப்பு மையால அடிச்சிருவீங்களா?”

“அது வேற, இது வேற. கமிட்டி முடிவு பண்ணியாச்சு. நீ அப்படியே அச்சடிம்மா.”

அச்சடித்தேன். சபை எங்கள் முதலாளிக்குப் பெரிய வாடிக்கை; வேலை போய்விடும் என்ற பயம். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு அச்சகத்துக்கு வந்த தம்பி மகள், அச்சான தாளை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். முகம் சுண்டிப்போனது.

“அத்தை, அப்பாவுக்குப் பயமே வரலையா?”

“ஏண்டி கேக்கறே?”

“எனக்கு மேடையை நெனச்சாலே கை நடுங்குது. வீரன் மகள் நடுங்கலாமான்னு செயலாளர் மாமா திட்டினாங்க. நான் அப்பா மாதிரி இல்லையா?”

அவனுக்குப் பிறந்த பிள்ளையை அவனுக்கே அந்நியமாக்கிவிட்டார்களே, பாவிகள்! வேலையாவது மண்ணாவது. இழுப்பறையிலிருந்து அசல் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே படித்து முடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேடையேறியபோது கையில் மலர் இல்லை. கசங்கிய அந்தத் தாள்தான் இருந்தது. குரல் உதற உதற வாசித்தாள்.

“பாப்பா, நாளைக்கு எங்களை முன்னால போகச் சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு. கை நடுங்குது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆண்டவர்கிட்ட வேண்டாம்னுதான் முதல்ல கேட்டேன். ஆனா நீ வளர்ந்து யாருக்கும் பயப்படாம வாயைத் திறந்து பேசணும், அதுக்காகப் போறேன்.”

முன்வரிசையில் செயலாளர் மலரை முன்னும் பின்னும் புரட்டி அந்த வரிகளைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினார். ஆர்கன் வாசிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வாசலில் எங்களை வழி மறித்தார்.

“யாரைக் கேட்டு அதை வாசிச்சே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“அப்பா எனக்கு எழுதினது மாமா. அதை வாசிக்க நான் யாரைக் கேக்கணும்?”