தோளுக்குப் போகும் கை

கை இடது தோளுக்குப் போகிறது, அங்கே முந்தானை இல்லை, ஊக்கும் இல்லை, காலர் வைத்த நீல டீ-ஷர்ட்டின் வழுவழுப்பு மட்டும், கை வெட்கப்பட்டுக் கீழே இறங்குகிறது, இறங்கியதை மறந்து மறுபடியும் ஏறுகிறது, லிஃப்ட் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், யாருடைய கையோ போல. எங்கள் வீட்டுக்கடன் நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் இன்று முதல் எல்லோருக்கும் ஒரே உடை, இடது மார்பின் மேல் நிறுவனத்தின் பெயர் மஞ்சள் நூலில், மதியத்துக்குள் குழுவாகப் புகைப்படம். ரக்‌ஷித் சென்னையிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனான், மனிதவளப் பிரிவுப் பையன், இனிமே புடவை, டை எல்லாம் கிடையாது மேடம், எல்லாரும் ஃப்ரீயா, கம்ஃபர்டபிளா இருக்கணும், அதான் முக்கியம், என்று, நான் புடவையே கட்டிக்கறேனே தம்பி, என்றேன், ஏன் மேடம், என்றான், சும்மாதான், என்றேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, என் கணவர் முத்தரசனையும் ஆபரேஷன் செய்த டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கு இடது பக்கம் மார்பு இல்லை என்று.

சிரிப்பாக வருகிறது, இந்தப் புடவையை ஒழிக்கச் சண்டை போட்டவளே நான்தான், வேலையில் சேர்ந்த புதிதில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஓடி ஏறும்போது கொசுவம் அவிழ்ந்து, படிக்கட்டில் தொங்கியபடி ஒரு கையால் அதைச் சொருகிக்கொண்டு வந்து, அப்போதைய மேனேஜர் வேங்கடநாதன் சார் முன்னால் என்கூட வேலைக்குச் சேர்ந்த மெர்லினும் நானும் போய் நிற்கிறோம், சுடிதார் போட்டுக்கறோம் சார், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஏம்மா, வீட்டுப் பத்திரத்தக் கொண்டாந்து நம்ம கையில குடுக்குறாங்க, நம்மளப் பாத்தா ஒரு நம்பிக்கை வரவேணாமா, என்கிறார், புடவையில் அப்படி என்ன நம்பிக்கையை மடித்து வைத்திருக்கிறார்களோ, அவர் கழுத்திலும் அந்த வெயிலில் ஒரு டை, அதற்குக் கீழே வேர்க்குரு. ஒருவழியாகச் சுடிதார் வந்தது, மெர்லின் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள், அதற்குச் சில வருடங்கள் கழித்து எனக்குக் கட்டி வந்தது, ஆபரேஷன், நீண்ட விடுப்பு, கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு சொல்லிடு, அப்பதான் யாரும் மேல கேக்கமாட்டாங்க, என்றார் முத்தரசன், யாரும் கேட்கவில்லைதான். திரும்பி வந்தது புடவையில், இடப்பக்கம் அடுக்கடுக்காக முந்தானை, தோளில் ஊக்கு, அதற்குள் நான் பத்திரமாக இருந்தேன், மெர்லின் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, என்னடி, சண்டை போட்டு எங்களுக்கெல்லாம் வாங்கிக் குடுத்துட்டு நீ மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி வந்து நிக்கிற, என்றாள், வேண்டுதல்டி, என்றேன், எந்தச் சாமிக்கு, சமயபுரத்தாளுக்கு, அவள் வேளாங்கண்ணிக்கு வருடா வருடம் நடக்கிறவள், வேண்டுதல் என்றால் மேலே தோண்டமாட்டாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம், சொன்னால் அழுவாள், பாவம் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு என்னை எப்படிக் கிண்டல் செய்வாள், அந்தப் பயம்.

டீ-ஷர்ட் பொட்டலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு கனவு, கனவுதானா, மதியம் கண்ணசந்தபோது நினைத்ததா, முந்தானை அவிழ்ந்துகொண்டே போகிறது, கவுண்டரைத் தாண்டி, கடன் கேட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து அதன்மேல் கையெழுத்துப் போடுகிறார்கள், மறுமுனையில் வேங்கடநாதன் சார், நம்பிக்கை, நம்பிக்கை, என்று இழுக்கிறார், நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விழித்தால் கை தோளில். இன்று காலை பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடையைப் போட்டு நின்றேன், முத்தரசன் தள்ளி நின்று, சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்து, ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, என்றார், எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆபீசில் மேல் ராக்கிலிருந்து ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கியதும் பஞ்சு நழுவிக் கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது, பாத்ரூமுக்கு ஓடினேன், சரிசெய்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி ஏறியது, மறுபடி ஓடினேன், வேர்வை, தழும்பெல்லாம் அரிப்பு, வெளியே மெர்லின் கதவைத் தட்டுகிறாள், போட்டோவுக்குக் கூப்புடுறாங்கடி, வயிறு கியிறு சரியில்லையா, கண்ணாடியில் என் முகம், என்ன பிழைப்பு இது, ஒரு கை பஞ்சோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டு, கோபம் வந்தது, யார்மேல் என்றே தெரியாத கோபம், உருவிக் கைப்பைக்குள் திணித்துவிட்டு வெளியே வந்தேன், வந்தபிறகுதான் பயமாக இருந்தது.

வாசல் படிக்கட்டில் வரிசையாக நிற்கிறோம், எல்லோர் மேலும் நிறுவனத்தின் பெயர் மேடேறி இறங்கி, சுருங்கி, வளைந்து கிடக்கிறது, தோளுக்குப் போன என் வலது கை இறங்கும் வழியில் மார்பின் மேலேயே நின்றுவிட்டது. ரெண்டாவது வரிசை மேடம், கையக் கீழ விடுங்க, கம்பெனி பேரு மறைக்குது, என்கிறார் போட்டோகிராபர், எல்லோரும் திரும்புகிறார்கள், கை மரத்துப்போய் நிற்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லி ஓடிவிடலாம், நாளைக்கும் இதே சட்டைதான், நாளை மறுநாளும், எத்தனை நாள் ஓடுவது. கையை இறக்கினேன். என்மேல் மட்டும் பெயர் ஒரு சுருக்கம் இல்லாமல், மேசையில் விரித்த காகிதம் போல, எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி இருந்தது. வலப்பக்கம் நின்ற மெர்லினின் கண் அங்கே போயிற்று, என் முகத்துக்கு வந்தது, திரும்பவும் அங்கே போயிற்று, பிறகு கேமராவைப் பார்த்தபடி, உதடு அசையாமல், இதுதானாடி அந்த வேண்டுதல், என்றாள், ஆமா, என்றேன், நிறைவேறிடுச்சா, என்றாள், இருக்கேன்ல, என்றேன். இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன், என்றார் போட்டோகிராபர், பழக்கதோஷத்தில் கை மறுபடியும் தோளுக்குக் கிளம்பியது, பாதி வழியில் மெர்லின் அதைப் பிடித்துக்கொண்டாள், படம் எடுத்து எல்லோரும் கலைந்து போகும்வரை விடவில்லை.