இடது கை வாரன்டியில் உள்ளது

படம் மொத்தம் பதினோரு நிமிடம். அதற்கு வந்த கமெண்டுகளைப் படித்து முடிக்க அரை நாள் வேண்டும். அவ்வளவு நல்ல படமா என்று கேட்டுவிடாதீர்கள். அவ்வளவு மட்டமான படம் என்பதால்தான் ஜனங்கள் வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார்கள்.

கதை இதுதான். பூமியைப் பிடிக்க வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு ரோபோ வருகிறது. இறங்கிய வேகத்தில் முழங்கால் கழன்றுவிடுகிறது. பழுது பார்க்கிற கடைக்கு நொண்டிக்கொண்டு போனால், கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்கிறார்கள். உட்காருகிறது. கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்லை. பூமி பிழைத்துக்கொள்கிறது. படத்தின் பெயர் 'உதிரிபாகம் இல்லை'.

எடுத்தவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். செத்துப்போன மெஷின்களின் தகரத்தை வெட்டி உடம்பு செய்தார், டிரம்மைக் கவிழ்த்துத் தலை செய்தார், கடைசியில் அதற்குள் நுழைய வேறு எவனும் சம்மதிக்காததால் தானே நுழைந்துகொண்டார். தம்பிக்கு, விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுகிற ஸ்டுடியோவில் வேலை. அதனால் அண்ணன் அவனுக்கு வைத்த பெயர் கத்திரி. கேமரா, வெட்டு, இசை, கடைக்காரன் வேடம் எல்லாம் கத்திரிதான். படப்பிடிப்பு அண்ணனுடைய பட்டறையில், ஞாயிற்றுக்கிழமைகளில். விண்கலம் என்பது பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி.

'விண்கலத்துல "இந்தப் பக்கம் மேலே"ன்னு எழுதியிருக்கு, கவனிச்சீங்களா?' என்று ஒருவர் எழுதினார். 'கிரகம் தொங்குற நூல் தெரியுது' என்று இன்னொருவர். 'என் பதினோரு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுங்கடா பாவிகளா.' 'ரோபோ நடிப்பு மட்டும் பிரமாதம், மத்தவனை எல்லாம் நாடு கடத்தணும்.' மத்தவன் என்றால் கத்திரி ஒருவன்தான்.

அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். வேலை மெனக்கெட்டு நமக்காக ரெண்டு வார்த்தை எழுதினவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, ஒன்று விடாமல் பதில் போட வேண்டும், அதுவும் ரோபோ பேசுகிற மாதிரி. ரோபோவின் தலையைப் படமாகப் போட்ட கணக்கு ஒன்றுதான், இரண்டு பேரும் அதிலேயே எழுதினார்கள். பகலில் கத்திரி, சாயங்காலம் அண்ணன். ஒருவர் பதில் போட்டுவிட்டால் இன்னொருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. பட்டறையில் ஒரு மெஷினைப் பார்த்து முடித்தவுடன் சாக்பீஸால் கோடு கிழித்துவிடுவார்களே, அதே வழக்கம். பதினோரு நிமிஷத்தைத் திருப்பிக் கேட்டவனுக்கு அண்ணன் எழுதியது: 'தங்கள் பதினோரு நிமிடங்கள் எங்கள் கிரகத்தில் பத்திரமாக உள்ளன. டோக்கனுடன் நேரில் வரவும்.'

படம் வந்த பதின்மூன்றாம் நாள் அண்ணன் பட்டறையில் ஒரு மெஷின் மேலேயே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பதினைந்தாம் நாள் அவர் இல்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம் கத்திரி சாப்பிட்டான், வேலைக்குப் போனான், ஒரு மெத்தைக் கடை விளம்பரத்தை வெட்டிக் கொடுத்தான். பல் பிடுங்கப் போடுகிற ஊசிக்குப் பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, அவனுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. அழுகை வரவில்லை. வராததற்கு வருத்தமும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணி கூப்பிட்டார். பட்டறையின் முன்மேஜை அவருடையது. டோக்கன் எழுதுவது, போன் எடுப்பது, இன்றைக்கு நாளைக்கு என்று ஆட்களைச் சமாளிப்பது எல்லாம் அவர்தான். இப்போது உள்ளே வேலை பார்க்க இன்னொரு மெக்கானிக்கை வைத்திருந்தார். கத்திரி போனபோது மேஜையில் புது டோக்கன் புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது.

"உக்காரு. அந்தப் படத்துக்கு அவர் பதில் எழுதினாராமே, அதெல்லாம் எனக்கு வேணும்."

"படம் பார்த்தீங்களா அண்ணி?"

"எதுக்கு? மூஞ்சியே தெரியாதாமே. தகரத்தைப் பார்க்கணும்னா இங்கயே குவிஞ்சு கிடக்கு." பேனாவை உதறிக்கொண்டார். "போன்ல இருக்கறதை நானே படிச்சேன். எது அவர், எது நீன்னு புரியல. ரெண்டு எருமையும் ஒரே மாதிரி பேசி வெச்சிருக்கீங்க. நீ வரிசையா படி. அவர் எழுதினதை மட்டும் நான் எழுதிக்கறேன்."

கத்திரி படித்தான். ஒவ்வொன்றுக்கும் அண்ணி "யாரு?" என்று கேட்டார். அவன் "அண்ணன்" என்றால் எழுதினார், "நான்" என்றால் தலையை ஆட்டி விட்டுவிட்டார். சிரிக்கவில்லை, அழவில்லை. வருகிற மெஷினைப் பதிவு பண்ணுகிற அதே கையெழுத்து. பதினோரு நிமிஷத்துக்காரனின் பதிலுக்கு மட்டும் "அவரேதான்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

நாற்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. அறுபத்தேழாவது வரப்போகிறது என்பது கத்திரிக்குத் தெரியும். அதன் எண் அவனுக்கு மனப்பாடம்.

அந்தக் கமெண்ட் சொன்ன இடம் படத்தின் ஏழாவது நிமிடத்தில். ரோபோ இடது கையால் டோக்கனை வாங்குகிறது, டோக்கன் நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கிறது, மறுபடி நழுவுகிறது. "டோ... டோக்..." என்று வாய் குழறுகிறது. அப்புறம் வலது கையால் எடுத்துக்கொள்கிறது. இதெல்லாம் எழுதி வைத்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே கடைக்காரன் கையை மட்டும் நீட்டிய கத்திரி சிரிப்பை அடக்க மாட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டான். தலையில் நாலு திருகாணி, கழற்றினால் மறுபடி மாட்ட அரை மணி நேரம் ஆகும் என்று, சாப்பாடு வரைக்கும் திறப்பதில்லை. திறந்தபோது, "கை மரத்துப் போச்சுடா, தகரம் அழுத்தியிருக்கும்" என்றார் அண்ணன், கையை உதறிக்கொண்டே. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. கத்திரி அந்தத் துண்டில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. படத்திலேயே ஜனங்கள் கொண்டாடியது அதைத்தான். 'டோக்கன் சீன் ஒண்ணுக்காகவே நாலு தடவை பார்த்தேன்' என்று எத்தனை பேர்!

அறுபத்தேழாவது கமெண்ட் நாலாம் நாள் வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஒரு கையில் சோற்றுடன் மறு கையால் பதில் தட்டிக்கொண்டிருந்தான் கத்திரி.

'டோக்கன் சீன்ல இடது கை விழறது நடிப்புன்னா மன்னிச்சுக்கங்க. நான் நர்ஸா இருக்கேன். வாயும் குழறுது. நடிப்பு இல்லைன்னா உள்ளே இருக்கறவரை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.'

பதில்: 'கவலை வேண்டாம் சிஸ்டர். இடது கை வாரன்டியில் உள்ளது. எண்ணெய் விட்டாயிற்று.'

இருநூற்றுச் சொச்சம் லைக். மொத்தப் படத்திலும் அதிகமாக லைக் வாங்கிய பதில் அதுதான். அன்று முழுக்கக் கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் சாயங்காலம் போனைத் திறந்தார், பதில் போட்டது என்று பார்த்துத் தாண்டிப் போனார்.

இப்போது அதைப் படித்துக் காட்டிவிட்டு கத்திரி நிறுத்தினான். அண்ணியின் பேனா தாளின் மேல் நின்றது.

"யாரு?"

ஒரே வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் என்றால் அண்ணி எழுதிக்கொண்டு போய்விடுவார். 'தன் கையை வெச்சே ஜோக் அடிச்சிருக்கார் பாரு' என்றுகூடச் சொல்லலாம். இல்லை என்று சொல்ல அண்ணன் வரப்போவதில்லை. கத்திரிக்குப் பயமாக இருந்தது. ஏழு வாரத்தில் அவனுக்கு ஏதாவது ஒன்று தோன்றியது என்றால் அது இந்தப் பயம்தான்.

"நான்தான் அண்ணி."

அண்ணி தலையை ஆட்டவில்லை. "அவர்கிட்ட காட்டினியா?"

"இல்ல."

"ஏன்?"

"பதில் போட்டாச்சுன்னு... போட்டதை அவர் பார்க்க மாட்டாரே."

"விளையாட்டுக்கு எழுதினாங்கன்னு நெனச்சியா?"

"நெனைக்கவே இல்ல அண்ணி. வரிசையா போட்டுக்கிட்டே வந்தேன்."

போன் அடித்தது. அண்ணி எடுத்தார். "ஆமாங்க... இல்லைங்க, மோட்டார் இன்னும் வரல... செவ்வாய்க்கிழமை போன் பண்ணிட்டு வாங்க... சரிங்க." வைத்தார். உள்ளே புது மெக்கானிக் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கத்திரி திட்டுக்காகக் காத்திருந்தான். நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அண்ணி கையை நீட்டி அவன் போனை வாங்கினார்.

பதிலுக்குக் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களின் வரிசை நீளமாகக் கிடந்தது. அதை விரலால் தள்ளிக்கொண்டே போனார். எங்கோ அடியில் அந்த நர்ஸ் மறுபடி எழுதியிருந்தார். 'சிரிக்கறதுக்காக எழுதலைங்க. காட்டினீங்களா?'

கத்திரி அதை இதுவரை பார்த்ததே இல்லை.

"இதுக்குப் பதில் போகலையே" என்றார் அண்ணி.

"கீழே இருக்கறது வரிசையில வராது அண்ணி..."

"அந்தம்மா கேட்டுட்டு நிக்கறாங்க இல்ல? எழுது." போனை அவன் கையில் திணித்தார். "நீங்க பார்த்தது சரி. நாங்க காட்டல. அவர் போயிட்டார். எழுதிட்டியா? மன்னிச்சிருங்கன்னும் போடு."

கத்திரி சொன்னபடியே எழுதினான். ரோபோ மாதிரி இல்லாமல் அந்தக் கணக்கிலிருந்து அவன் எழுதிய முதல் பதில் அது. அனுப்பினான். டிரம் தலையும், அதில் ஒட்டிய இரண்டு பாட்டில் மூடிக் கண்களும் பக்கத்தில் நிற்க, அது போய் உட்கார்ந்தது.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. போன் அதிர்ந்தது. நர்ஸ் இல்லை, வேறு யாரோ. மூன்று சிரிப்பு முகம் போட்டு, 'ரோபோவே போயிட்டாரா! டைமிங்ல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல தலைவா. ரெண்டாம் பாகம் எப்போ?'

கத்திரி போனைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தான். அண்ணி அதற்குள் படித்துவிட்டிருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஒண்ணு விடாம போடணும்னுதானே சொல்லுவார்?"

"ஆமா."

"அப்போ போடு."

"என்னன்னு அண்ணி?"

அண்ணி யோசித்தார். "நன்றின்னு போடு."

நன்றி என்று போட்டான். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது. அண்ணி புத்தகத்தில் அறுபத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் கிழித்தார்.

"அடுத்ததைப் படி."

கத்திரி படித்தான். 'கடை பூட்டின அப்புறமும் அந்த ரோபோ ஏன் டோக்கனைக் கையை விட்டு விடவே மாட்டேங்குது?' அதற்குப் பதில்: 'கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டும் அல்லவா.'

"யாரு?"

"அண்ணன்."

அண்ணி எழுதிக்கொண்டார்.